ஒன்பதாம் கட்டம் யாருடையது

இன்று காலை காபி ஆறுவதற்குள் எங்கள் அலுவலக மேலாளர் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். 'அனுப்பியிருந்தார்' என்று எழுதத்தான் பார்த்தேன், கை வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

மதுரையில், தல்லாகுளத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் மையத்துக்கு நாங்கள் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். எந்த நோயாளி எந்த நாள், எந்த நேரம், எந்தக் கட்டில் என்று முறை வைக்கிற மென்பொருள். அதை இப்போது ஓர் ஏஐ கருவியை வைத்துப் புதிதாக மாற்றி எழுதுகிறார்கள். அந்தக் கருவி பழைய நிரலை எல்லாம் மேய்ந்துவிட்டு, இன்னின்னதை நீக்கலாம் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது. முதல் வரியிலேயே ஒன்பதாம் விதி. காரணமும் போட்டிருந்தது: இந்த விதி இதுவரை ஒரே ஒரு தடவைதான் வேலை செய்திருக்கிறது. அதற்குக் கீழே இவன் கேட்டிருந்தான், "அக்கா, இதைத் தூக்கிரலாமா?"

எனக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறியது. அந்த ஒரு தடவை என்ன நடந்தது என்று கருவிக்குத் தெரியாது, அதை மன்னிக்கலாம். இவனுக்குத் தெரியும். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் இவன்.

நான் இருபத்தைந்து வருடமாக நிரல் எழுதுகிறேன். எங்கள் அலுவலகம் ஒரு மாடியில் இருக்கிறது, கீழே ஜெராக்ஸ் கடை. கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் குமாஸ்தாக்கள் காலையிலேயே மனுக்களோடு வந்து நிற்பார்கள். அந்தக் கடையில் பெரிய தாள் வாங்கி மேலே கொண்டுபோய் மேசையில் விரித்து வட்டம் போடுகிற ஒரே ஆள் நான்தான். அதனால் எனக்கு 'வட்டம் அக்கா' என்று பெயர். என் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு சொல்வார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

நான் கல்லூரியில் படித்தது அந்தப் பழைய முறை. கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் தாளைத் தொடு. ஓர் இடத்தில் இப்போது வேலை எப்படி நடக்கிறதோ அதை அப்படியே வரை. எப்படி நடக்க வேண்டும் என்பதை அப்புறம் பார்க்கலாம். வேலைக்கு ஒரு வட்டம், ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குப் போகிற தகவலுக்கு ஓர் அம்பு. எந்த அம்பும் ஆகாயத்திலிருந்து வரக் கூடாது, ஆகாயத்துக்குப் போகவும் கூடாது. அடுத்தது முடிவு அட்டவணை. ஆம், இல்லை என்று பதில் வருகிற கேள்விகளை மேலே எழுதி, ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு கட்டம் போட வேண்டும். இரண்டு கேள்விக்கு நான்கு கட்டம், மூன்று கேள்விக்கு எட்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில், அப்படியானால் என்ன செய்வது என்று எழுத வேண்டும். ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. கடைசியாக எல்லோரையும் உட்கார வைத்து அதை வாசித்துக் காட்ட வேண்டும். அந்த அறைக்குள் மேலாளர் வரக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. பெரியவர் முன்னால் யாரும் தப்பைத் தப்பென்று சொல்ல மாட்டார்கள் என்பதால் வைத்தது. எனக்கு ரொம்பப் பிடித்த விதி அதுதான்.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. முந்நூறு பக்கம் வரைந்து, கெட்டி அட்டை போட்டு, ஒரு பயலும் திறந்து பார்க்காமல் கரையான் தின்ற வேலைகளில் நானும் இருந்திருக்கிறேன். வரைந்து முடிப்பதற்குள் வேலை கொடுத்தவரே மாற்றலாகிப் போயிருப்பார். அதற்காக வரையவே வேண்டாம் என்றால் எப்படி? அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒன்றைத் திரையில் காட்டியாக வேண்டும். காட்டினால் கைதட்டுவார்கள். கைதட்டல் வந்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

மைய வேலை வந்தபோது நான் மூன்று நாள் பென்சிலோடு அங்கே போய் உட்கார்ந்தேன். பன்னிரண்டு கட்டில். நோயாளிகள் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் படுத்துக் கிடப்பார்கள். சிறுநீரகம் போனவர்களுக்கு அந்த இயந்திரம்தான் சிறுநீரகம். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் ஏறும். இரண்டு தவறினால் மூச்சு வாங்கும். இதை எல்லாம் எனக்குச் சொன்னவர் அங்கே மூத்த நர்ஸாக இருக்கும் சிஸ்டர். அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. முன்பக்கத்திலிருந்து வருகைப் பதிவு. திருப்பி வைத்துக் கடைசிப் பக்கத்திலிருந்து பார்த்தால் பென்சிலில் வேறு எழுத்து: திங்கள் இவருக்குப் பதில் அவர், செவ்வாய் அவருக்குப் பதில் இவர்.

என்ன இது என்று கேட்டேன். முறை மாற்றிக்கொள்வது என்றார். மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது, ஆனால் இது இல்லாமல் ஒரு மாதம்கூட ஓடாது என்றார். ஒருவர் வீட்டில் கல்யாணம் இருக்கும், ஒருவர் ஊரில் பஸ் நின்றிருக்கும். அவர்களே போனில் பேசி நாளை மாற்றிக்கொள்வார்கள், சிஸ்டரிடம் சொல்வார்கள், அவர் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்வார். அதிகம் மாற்றிக் கொடுக்கிறவர் செல்லூர்க்காரர் ஒருவர். விசைத்தறிப் பட்டறையில் வேலை பார்த்தவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், திங்களும் வியாழனும் முதல் நேரம், ஏழாம் கட்டில். வீடு பக்கம் என்பதால் நடந்தே வந்துவிடுவார். அதே கட்டிலில் செவ்வாயும் வெள்ளியும் படுப்பவர் திருமங்கலத்துப் பக்கத்து விவசாயி. சித்திரைத் திருவிழா வந்தால் அவரால் வர முடியாது. ரோட்டை எல்லாம் அடைத்துவிடுவார்கள். அந்த நாட்களில் அவர் முறையைச் செல்லூர்க்காரர் எடுத்துக்கொண்டு, தன் முறையை அவருக்குக் கொடுப்பார். வருடா வருடம் நடப்பது.

நான் படத்தில் அந்தக் கடைசிப் பக்கத்துக்கும் ஓர் அம்பு போட்டேன். அட்டவணையில் மூன்று கேள்வி எழுதினேன். வராதவர் முன்கூட்டித் தகவல் சொன்னாரா? வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாரா? முறை மாற்றிக்கொண்டாரா? எட்டுக் கட்டம்.

மேலாளர் பார்த்தான். அறக்கட்டளை கொடுத்த கடிதத்தில் முறை மாற்ற அனுமதி இல்லை என்று இருப்பதைக் காட்டினான். இல்லாத ஒன்றுக்கு எதற்கு விதி, மூன்றாவது கேள்வியை எடுத்தால் வேலை பாதியாகும், சனிக்கிழமை திரையில் காட்டியாக வேண்டும் என்றான். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாற்பத்தெட்டு வயதில், இந்த வேலை போனால் மதுரைக்குள் இன்னொரு வேலை எனக்குக் கிடைக்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரப்பரை எடுத்து மூன்றாவது கேள்வியை அழித்தேன். அம்பையும் அழித்தேன். அவன் சொன்னான், நான் அழித்தேன். தூள் தாளில் கிடந்தது, அதையும் நானே ஊதித் தள்ளினேன்.

சனிக்கிழமை கைதட்டினார்கள்.

நான்கு கட்டத்தில் ஒன்று இது: தகவலும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை, அடுத்தடுத்து இரண்டு முறை வரவில்லை என்றால் அவருடைய இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமைதோறும் மென்பொருள் தானே ஓடி இதைச் செய்யும். மனிதர் யாரையும் கேட்காது. அதைத்தான் பெரிய சாதனையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த வருடம் செவ்வாய்க்கிழமை மீனாட்சி திருக்கல்யாணம், வெள்ளிக்கிழமை அழகர் ஆற்றில் இறங்குகிறார். திருமங்கலத்துக்காரருக்கு இரண்டு முறையும் போச்சு. எப்போதும்போல் மாற்றிக்கொண்டார்கள். அவர் திங்களும் வியாழனும் விடியற்காலை பஸ்ஸில் வந்து போனார். செல்லூர்க்காரர் செவ்வாயும் வெள்ளியும் கூட்டத்துக்குள் புகுந்து நடந்து வந்தார். அந்த இரண்டு பேர் அட்டையையும் சிஸ்டர் காட்டியபோது மென்பொருள், இன்று இவர் நாள் இல்லை என்றது. 'திட்டமிடாத வருகை' என்ற ஒரே பொத்தான்தான் இருந்தது, அதை அமுக்கினார். ஏழாம் கட்டில் அந்த வாரம் ஒரு நாளும் காலியாகக் கிடக்கவில்லை. ஆனால் மென்பொருளின் கணக்குப்படி இரண்டு பேருமே அடுத்தடுத்து இரண்டு முறை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அது ஓடியது. இரண்டு பேருக்கும் ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி போயிற்று. செல்லூர்க்காரர் அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை அவர் போனபோது ஏழாம் கட்டிலில் வேறு ஓர் அம்மா படுத்திருந்தார். ஐந்து மாதமாகக் காத்திருந்தவர், செய்தி வந்தது என்று நம்பி வந்தவர். அவரை எப்படி எழுப்புவது? அவர் மேல் என்ன தப்பு? மற்றக் கட்டில்களும் நிறைந்திருந்தன. சிஸ்டர் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். மேலாளர் அதைப் புகாராகப் பதிவு செய்தான். வகை: பயன்படுத்துவோர் தவறு. அவசரம்: மூன்றாம் நிலை. மூன்று வேலை நாளுக்குள் பார்க்கப்படும்.

செவ்வாய்க்கிழமை திருமங்கலத்துக்காரர் மகனோடு வந்தார். மகன் சத்தம் போட்டான், அறக்கட்டளையில் யாருக்கோ போன் போட்டான், மதியத்துக்குள் ஒரு கட்டில் கிடைத்தது. செல்லூர்க்காரருக்குச் சத்தம் போடத் தெரியாது. சரியானதும் கூப்பிடுகிறோம் என்றதும் சரி என்று திங்கட்கிழமையே போய்விட்டார். வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். குடிக்காமல் இருந்தால் உடம்பில் நீர் ஏறாது, நாங்கள் சரிசெய்கிற வரைக்கும் தாங்கிவிடலாம் என்று அவராகப் போட்ட கணக்கு. சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, ஈரத் துணியை உதட்டில் ஒற்றிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் இருந்ததால் நான் திங்களும் செவ்வாயும் லீவு. புதன்கிழமை வந்து அந்தப் புகாரைப் படித்தேன். ஏழாம் கட்டில் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பத்து நிமிட நடை, ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது சிஸ்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, அவரை ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

பிழைத்தார். ஒன்பது நாள் கழித்து, பாதி ஆளாக இளைத்து வந்தார். அந்த அம்மாவுக்கு வேறு கட்டில் பார்த்துக் கொடுத்துவிட்டு, ஏழாம் கட்டிலை இவர்கள் இரண்டு பேருக்கும் பழையபடியே கொடுத்தார்கள்.

அதற்கு அப்புறம் எங்கள் அலுவலகத்தில் ஒரு கூட்டம். மேலாளர் வெள்ளைப் பலகையில் எழுதினான்: மூல காரணம், பயிற்சிக் குறைபாடு. தீர்வு, நர்ஸ்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு. கடப்பாரையை முழுங்கிவிட்டுச் சுக்குக் கஷாயம் குடிக்கிற வேலை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று எங்கள் வீட்டில் என்னைச் சொல்வார்கள். மட்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுந்துவிட்டேன்.

"தம்பி, சிஸ்டர் தப்பா அமுக்கல. அவங்க அமுக்க வேண்டிய பட்டனை நாம வைக்கவே இல்ல. அழிக்கச் சொன்னது நீ. அழிச்சது நான். அதை எழுது அங்க."

அவன் எழுதவில்லை. ஆனால் மூன்றாவது கேள்வியைத் திரும்பப் போட என்னைத் தடுக்கவும் இல்லை. அறக்கட்டளையும் முறை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு கடிதம் கொடுத்தது. ஆள் சாகப் பிழைக்கக் கிடந்தால்தான் நம் ஊரில் கடிதம் வரும்.

இந்த முறை நான் யாரிடமும் கேட்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் பெரிய தாள் வாங்கி, எட்டுக் கட்டத்தையும் பென்சிலை அழுத்திப் பிடித்துத் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி, ஒரு திங்கட்கிழமை மையத்துச் சுவரில் ஒட்டினேன். நான்கு மணி நேரம் படுத்திருப்பவர்களுக்குச் சுவரைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மேலாளரும் கூட வந்தான். நீ உள்ளே வரக் கூடாது, அதுதான் முறை என்று சொல்லி வாசலிலேயே நிறுத்திவிட்டேன். எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டு நின்றான். நான் ஒவ்வொரு கட்டமாக வாசித்தேன். சிஸ்டர்கள் இரண்டு இடத்தில் திருத்தினார்கள். எட்டும் முடிந்தது. யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டேன்.

ஏழாம் கட்டிலில் இருந்து கை அசைந்தது. குழாய் மாட்டாத கை.

"ஏம்மா, நான் அவரு வெள்ளிக்கிழமையில வந்து படுத்துட்டேன்னு வைங்க. பதிலுக்கு எந் திங்கக்கிழமை அவருக்கு. நடுவுல ஞாயித்துக்கிழமை நான் செத்துப்போனா, அந்தத் திங்கக்கிழமை யாருக்கு?"

காலங்கார்த்தாலே என்ன பேச்சு இது என்று சிஸ்டர் அதட்டினார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தாளில் எல்லாம் இருக்கிறது, இது மட்டும் இல்லை, அதனால் கேட்டேன் என்றார்.

ஒரு நோயாளி இறந்ததாகப் பதிவானால் அவருடைய எல்லா முறையும் அந்த நிமிடமே காத்திருப்போருக்குப் போய்விடும். அதை எழுதியவளும் நான்தான். வெள்ளிக்கிழமையை விட்டுக்கொடுத்த மனிதர் திங்கட்கிழமையும் இல்லாமல், செவ்வாய்க்குச் செவ்வாய் ஏழு நாள் இயந்திரம் இல்லாமல் கிடப்பார். இருபத்தைந்து வருட அனுபவத்துக்கு இது தோன்றவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய ஒரு மனிதர், சுவரில் ஒரு தாளைப் பார்த்துக் கண்டுபிடித்தார். நிரலைச் சுவரில் ஒட்டியிருந்தால் அவரால் வாசித்திருக்க முடியுமா? வட்டமும் கட்டமும் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

இறந்துவிட்டாரா என்பதையும் சேர்த்துக் கேள்வி நான்கானால் கட்டம் பதினாறாக வேண்டும். செத்தவரிடம் தகவல் சொன்னாரா என்று கேட்க முடியாது. மாற்றிக்கொள்ளாதவர் இறந்தால் அவர் இடம் பட்டியலுக்குத்தான். தேவையில்லாததை அடித்துக்கொண்டே வந்தேன், மிஞ்சியது ஒன்று. அங்கேயே, அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்பதாம் கட்டத்தைப் போட்டேன்; மென்பொருளில் அதுதான் பிறகு ஒன்பதாம் விதி. அடியில் எழுதினேன்: வாங்கிக்கொண்டவர் இறந்தால், திருப்பித் தர வேண்டிய முறை முதலில் கொடுத்தவருக்கே. எந்தக் கட்டத்தை யார் சொன்னது என்று கீழே குறிப்பது என் வழக்கம். 'ஏழாம் கட்டில், செல்லூர்' என்று குறித்தேன். சரியாக இருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். இப்போது சரி என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐப்பசியில், திருமங்கலத்துக்காரர் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. வெள்ளிக்கிழமை முறையைச் செல்லூர்க்காரர் எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த செல்லூர்க்காரர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். சித்திரையில் பட்ட பாட்டால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். இந்த நோயில் அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். என்னால் நிரூபிக்க முடியாது. அதனால் என் கோபம் குறைந்துவிடவில்லை.

மகள் போன் செய்து சொல்ல, சிஸ்டர் அன்றே இறப்பைப் பதிவு செய்தார். திங்கட்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸில் திருமங்கலத்துக்காரர் வந்தார். அவருக்கு விஷயம் தெரியாது. அட்டையைக் காட்டினார். திரையில் வந்தது: ஏழாம் கட்டில், முறை உண்டு. அப்புறம்தான் சிஸ்டர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டிலில் படுக்க மாட்டேன் என்று அவர் சுவரோரமாய் உட்கார்ந்துவிட்டாராம். சிஸ்டர் அவரிடம் என்ன சொன்னார் என்பதை எனக்குப் போனில் சொன்னார்.

"படுங்கண்ணே. அவரு சொல்லி வச்சிட்டுத்தான் போயிருக்காரு."

அந்த ஒரே ஒரு தடவை இதுதான்.

மேலாளருக்கு ஒரு பக்கத்துக்குப் பதில் தட்டினேன். கெட்ட வார்த்தை இரண்டு இருந்தது, எடுத்தேன். அப்புறம் மொத்தத்தையும் அழித்துவிட்டு, தூக்கக் கூடாது என்று மட்டும் அனுப்பினேன். உடனே ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அந்தக் கட்டைவிரலை என்ன செய்வது என்று எனக்குத் தெரியும், எழுதினால் நன்றாக இருக்காது.

கட்டைவிரலை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. மையத்துக்கு வெள்ளையடித்தபோது கழற்றிக்கொண்டு வந்து பீரோவுக்கு மேலே சுருட்டி வைத்திருந்த அந்தத் தாளை எடுத்து விரித்துப் பார்த்தேன். எட்டுக் கட்டமும் பென்சிலில் மங்கிப் போயிருந்தன. ஒன்பதாவது மட்டும் அன்று சிஸ்டரின் பேனாவை வாங்கிப் போட்டது, அப்படியே இருக்கிறது. தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். இன்றைக்கு இதை அவன் மேசைக்கு எதிரே ஒட்டப் போகிறேன்.